கருவைக் கலைச்சா மனநோய் கட்டாயம் வரும்னு தியானத்துல சொல்றது சரியா? சேலம், ஏற்காடு பக்கத்து விசுவாசிங்க பேசுங்க

அஸ்தம்பட்டி_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நீளமா எழுதப்போறேன், பொறுமையா படிங்க. கொஞ்ச நாள் முன்னாடி ஏற்காட்டுல பெண்களுக்குன்னு ஒரு தியானம் (கிறிஸ்தவ ஜெபக் கூட்டம்) நடந்துச்சு, சேலத்துல இருந்து எங்க பகுதி கத்தோலிக்கக் குழுவான அன்பியத்துப் பெண்கள் வேன் வெச்சுப் போயிருந்தோம். ஜெபம், பாட்டு எல்லாம் மனசுக்கு நிறைவா இருந்துச்சு. அப்புறம் பேச வந்தவர் கருக்கலைப்பு பத்தி பேசினார். பாவம்னு சொன்னார், அதுல எனக்கு சண்டையே இல்ல, நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), கருவுல இருக்கறது கடவுள் குடுத்த உயிர்னுதான் நானும் நம்பறேன். ஆனா அதோட நிறுத்தல. கருவைக் கலைச்ச ஒவ்வொரு பொம்பளைக்கும் மனநோய் வந்தே தீரும், டிப்ரஷன் வரும், தற்கொலை எண்ணம் வரும், இதெல்லாம் சயின்ஸ் நிரூபிச்சாச்சுன்னு அடிச்சுச் சொன்னார்.

என் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. அது முகம் போன போக்கைப் பாத்தப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, இதுக்கு மேல அந்தப் பொண்ணைப் பத்தி எதுவும் எழுத மாட்டேன்.

நான் காலேஜ்ல சைக்காலஜி நடத்தறேன், இந்த ஆராய்ச்சிங்களைப் படிச்சிருக்கேன். சயின்ஸ் அப்படி நிரூபிக்கல. 2008ல அமெரிக்க சைக்காலஜி சங்கம் ஒரு குழு போட்டு அதுவரைக்கும் வந்த ஆய்வுங்களை எல்லாம் அலசினாங்க. வேண்டாத கர்ப்பத்தை முதல் மூணு மாசத்துக்குள்ள ஒரு தடவ கலைச்ச பெண்களுக்கும், அதே மாதிரி வேண்டாத கர்ப்பத்தைச் சுமந்து பெத்த பெண்களுக்கும் மனநோய் ஆபத்துல வித்தியாசம் இல்லன்னு முடிவு சொன்னாங்க. 2011ல இங்கிலாந்துல மருத்துவ ராயல் காலேஜுங்க சேர்ந்து இன்னொரு தடவ அலசினாங்க, அவங்களும் கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே மனநலப் பிரச்சனை இருந்துச்சா இல்லையாங்கறதுதான் பின்னாடி என்ன ஆகும்னு சொல்ற பெரிய அடையாளம்னாங்க.

என் கேள்வி இதுதான். பாவம்னு சொல்ல நமக்கு வேதம் இருக்கு, திருச்சபை போதனை இருக்கு. அதுக்கு முட்டுக் குடுக்க இல்லாத ஆராய்ச்சி எதுக்கு? அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போற பொண்ணோட நிலைமைய யாராச்சும் யோசிச்சோமா?

ஊழியன்_சூரமங்கலம்:

ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க வருத்தம் புரியுது, ஆனா நீங்க சொன்னது ஒரு பக்கம் மட்டும்தான். பிரிசில்லா கோல்மேன்னு ஒரு அம்மா 2011ல பிரிட்டிஷ் மனநல ஜர்னல்லயே எழுதியிருக்காங்க, 22 ஆய்வுங்களைச் சேத்துப் பாத்ததுல கலைச்சவங்களுக்கு மனநலப் பிரச்சனை 81 சதவீதம் கூடுதல்னு. அதை ஏன் சொல்லல? அமெரிக்க சங்கம் எந்தப் பக்கம் நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

சங்கீதம் 139 என்ன சொல்லுது, தாயின் கர்ப்பத்துலயே தேவன் நம்மைப் பாத்தார்னு. எரேமியா 1:5, வயித்துல உருவாகறதுக்கு முன்னமே அறிஞ்சேன்னு. அப்படி தேவன் அறிஞ்ச ஒரு உயிரை எடுத்தா மனசு எப்படி சும்மா இருக்கும்? நான் ஜெபக்கூட்டத்துல பாத்திருக்கேன், 20 வருஷம் முன்னாடி நடந்ததை நெனச்சு இன்னிக்கும் தேம்பித் தேம்பி அழற தாய்மாரை. அவங்க கண்ணீரு பொய்யா?

புள்ளிவிவரத்_தம்பி:

பாஸ்டர், கண்ணீர் பொய்யில்லங்க, யாரும் அப்படிச் சொல்லல. ஆனா ஜெபத்துக்கு வந்து அழறவங்களைத்தான் நீங்க பாக்கறீங்க, வராதவங்க எப்படி இருக்காங்கன்னு அங்க இருந்து தெரியாது. நான் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கறவன், கிறிஸ்தவன் இல்ல, அதனால வேதம் பத்தி வாய் திறக்க மாட்டேன், நம்பர் பத்தி மட்டும் சொல்றேன்.

யாரோட யாரை ஒப்பிடறோம்ங்கறதுதான் எல்லாமே. ஜி.எச்.ல சேந்தவங்க வீட்டுல இருக்கறவங்களை விட அதிகமா சாகறாங்கன்னா ஜி.எச்.தான் கொல்லுதுன்னு சொல்ல முடியுமா, ஏற்கனவே உடம்பு முடியாதவங்கதான அங்க போறாங்க. அந்த மாதிரி கலைக்கற நிலைமைக்கு வர்ற பெண்கள்ல நெறைய பேருக்கு ஏற்கனவே கஷ்டம் இருக்கும், வறுமை, புருஷன் அடி, ஏமாத்திட்டுப் போன காதலன், முன்னாடியே இருந்த டிப்ரஷன். அவங்களை ஆசப்பட்டு புள்ள பெத்துக்கிட்டவங்களோட ஒப்பிட்டா வித்தியாசம் வரத்தான் செய்யும். கோல்மேன் ஆய்வு மேல வந்த பெரிய குறையே இதுதான், ஒப்பீட்டு ஆளுங்க சரியில்ல, 22ல பாதி அவங்களே எழுதின ஆய்வுங்கன்னு நிறைய பேர் அந்த ஜர்னலுக்கே எழுதினாங்க.

இதைச் சரியா பண்ணினது டென்மார்க். அங்க ஒவ்வொருத்தருக்கும் அரசாங்கப் பதிவு இருக்கு. முதல் தடவ, முதல் மூணு மாசத்துல கலைச்ச 84,620 பேர், கலைக்கறதுக்கு ஒன்பது மாசம் முன்னாடி வரைக்கும் யாருக்கும் மனநல சிகிச்சைப் பதிவு கெடையாது. அதே பெண்களோட முன்னையும் பின்னையும் பாத்தாங்க. ஆஸ்பத்திரியில மனநல டாக்டர்கிட்ட முதல் தடவ போனது, கலைக்கறதுக்கு முன்னாடி 1,000 பேருக்கு வருஷத்துக்கு 14.6, கலைச்ச அப்புறம் 15.2. அதாவது பெருசா மாறல. பிரசவம் ஆன பெண்கள்ல முன்னாடி 3.9, பின்னாடி 6.7. இது 2011ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு.

ரெண்டு குழுவோட முதல் நம்பரை மட்டும் பாருங்க, 14.6க்கும் 3.9க்கும் எவ்வளவு தூரம். கலைக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பெண்கள் கஷ்டத்துலதான் இருந்திருக்காங்க. அந்த நேரத்துல யாரு அவங்க பக்கம் நின்னாங்கன்னுதான் எனக்குக் கேக்கத் தோணுது.

அஸ்தம்பட்டி_டீச்சர்:

தம்பி அழகா சொன்னீங்க. ஆனா பாஸ்டருக்கும் நியாயமா ஒன்னு சொல்லணும், எதிர்ப்பக்கமும் கனமான ஆய்வு இருக்கு. நியூசிலாந்துல டேவிட் ஃபெர்குசன்னு ஒருத்தர், 1977ல கிரைஸ்ட்சர்ச் ஊருல பொறந்த 1,265 குழந்தைங்களை அவங்க பெரியவங்க ஆகற வரைக்கும் தொடர்ந்து பாத்தவர். அவர் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவான ஆளு. அவரோட 2008 ஆய்வுல கலைச்ச பெண்களுக்கு மனநலப் பிரச்சனை சுமார் 30 சதவீதம் கூடன்னு வந்துச்சு, தனக்குப் பிடிக்காத முடிவா இருந்தும் மறைக்காம வெளியிட்டார். அதே கட்டுரையில, மொத்த மனநலப் பிரச்சனையில இதோட பங்கு 1.5ல இருந்து 5.5 சதவீதம்தான்னும் எழுதினார். அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

இன்னொரு பக்கம் டர்ன்அவே ஸ்டடி. கலிஃபோர்னியாவுல டயானா கிரீன் ஃபாஸ்டர் குழு பண்ணினது, 21 மாநிலத்துல 30 கிளினிக்குல இருந்து ஆயிரத்துக்குக் கிட்டத்துல பெண்களை அஞ்சு வருஷம் பின்தொடர்ந்தாங்க. கலைக்கக் கேட்டு வந்து கலைச்சவங்க ஒரு பக்கம், நாள் தாண்டிருச்சுன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்க இன்னொரு பக்கம். திருப்பி அனுப்பப்பட்டவங்களுக்குத்தான் ஆரம்பத்துல பதட்டம் கூடுதல், ஆறு மாசம் ஒரு வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒன்னாயிருச்சு. இதுலயும் குறை சொல்றவங்க இருக்காங்க, கேட்ட பெண்கள்ல 37.5 சதவீதம்தான் சேர ஒத்துக்கிட்டாங்க, மனசு ஒடிஞ்சவங்க சேராமயே போயிருக்கலாமில்லன்னு. நியாயமான கேள்விதான்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு கூப். சி. எவரெட் கூப், ரீகன் ஜனாதிபதியா இருந்த காலத்துல அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரல், அதாவது பொது சுகாதாரத்துக்குத் தலைமை டாக்டர். குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர், ஆழமான விசுவாசி, கருக்கலைப்பை மேடை மேடையா எதிர்த்தவர். 1987ல ரீகன் அவர்கிட்ட கருக்கலைப்பு பெண்களை எப்படிப் பாதிக்குதுன்னு அறிக்கை கேட்டார். அவங்க பக்கத்து ஆளுங்க எல்லாம் என்ன எதிர்பாத்திருப்பாங்கன்னு யோசிங்க. அவர் 250 ஆய்வு கிட்ட அலசிட்டு, இது எதுவும் ஒழுங்கான முறையில பண்ணினது இல்ல, இதை வெச்சு பாதிக்குதுன்னும் சொல்ல முடியாது பாதிக்கலன்னும் சொல்ல முடியாதுன்னு 1989 ஜனவரியில கடிதம் எழுதினார். அவர் பக்கத்து ஆளுங்களே திட்டினாங்க. ஆனா கருக்கலைப்பு தப்புன்னு அவர் நம்பினது ஒரு துளி கூட மாறல. விசுவாசமும் உண்மையும் ஒரே ஆளுகிட்ட இருக்க முடியும்ங்கறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

மலைக்காட்டுப்_பொண்ணு:

டீச்சர் அக்கா, நான் எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். இங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்கற தைரியத்துல எழுதறேன்.

நானும் மலைதான், காபி எஸ்டேட்டு லைன் வீடு. ரெண்டு புள்ளைக்கு அப்புறம் மூணாவது நின்னுச்சு. அவரு குடி, ரெண்டாவது பிரசவத்துலயே எனக்கு ரத்தம் இல்லாம ஏத்தினாங்க. யாருகிட்டயும் சொல்லல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், டாக்டரைப் பாக்கல, ரத்தம் நிக்கவே இல்ல, கடைசில கீழ சேலத்துக்குத்தான் தூக்கிட்டுப் போனாங்க, அந்த 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கற வரைக்கும் உசுரு என்கிட்ட இல்ல.

அதுக்கப்புறம் எனக்கு பைத்தியம் புடிக்கல, டிப்ரஷன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா நன்மை (பூசையில ஃபாதர் குடுக்கற அப்பம்) வாங்க எழுந்திரிக்க மாட்டேன், ஏன் வாங்கலன்னு மாமியா கேக்கும், வயிறு சரியில்லன்னு சொல்லுவேன். எத்தன நாளைக்கு அதையே சொல்றது. கலைச்சதை விட அதை ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாம இருந்ததுதான் என்னைத் தின்னுச்சு. இதுக்கு ஆராய்ச்சி இருக்கான்னு தெரியல.

அஸ்தம்பட்டி_டீச்சர்:

இருக்கும்மா. அமெரிக்க சைக்காலஜி சங்கத்தோட அந்த 2008 அறிக்கையிலயே இருக்கு, யாருக்கெல்லாம் பின்னாடி மனசு கஷ்டப்படும்னு வரிசையா சொல்லியிருக்காங்க. ஊரு என்ன பேசுமோங்கற பயம், மறைச்சே ஆகணும்ங்கற நிலைமை, கூட நிக்க ஆளில்லாதது, ஏற்கனவே மனநலப் பிரச்சனை, ஆசப்பட்ட குழந்தைய வேற வழியில்லாம இழந்தது. நீ எழுதினது அப்படியே அதுல இருக்கு.

இன்னொன்னும் சொல்லிடறேன். கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கற அதிகாரத்தை போப் பிரான்சிஸ் 2016 நவம்பர்ல எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமா குடுத்துட்டார், ஆயர்கிட்ட (பிஷப்கிட்ட) போகணும்னு இல்ல. அதுக்கு முன்னமே இரண்டாம் ஜான் பால் 1995ல உயிரோட மதிப்பு பத்தி எழுதின மடல்ல, கலைச்ச பெண்களைப் பாத்தே தனியா எழுதியிருக்கார், மனசு ஒடஞ்சு போகாதீங்க நம்பிக்கைய விடாதீங்கன்னு. அதே மடல்லதான் கருக்கலைப்பை அவ்வளவு கடுமையா கண்டிக்கவும் செய்யறார். நம்ம மேடைங்கள்ல கண்டிக்கற பாதி மட்டும் வந்து சேருது, மத்த பாதி வர்றதே இல்ல. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப ஒரு ஃபாதர்கிட்ட போ, உங்க பங்குல (உங்க ஊர்க் கோயில்ல) கூச்சமா இருந்தா வேற பங்குக்குப் போ.

பேர்_வேண்டாம்_36:

எல்லாரும் ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு பேசறீங்க. நான் கலைச்சவ, எனக்கு வருத்தம் இருக்கு, ரொம்ப இருக்கு. காலேஜ் முடிக்கற வயசு, அவங்க வீட்டுல ஒத்துக்கல, எங்க வீட்டுல தெரிஞ்சா வெட்டியே போட்டிருப்பாங்க, அவன்தான் வா வான்னு கூட்டிட்டுப் போனான். நான் வேணும்னு முடிவு பண்ணினதே இல்ல. ஒவ்வொரு வருஷமும் அந்த மாசம் வந்தா தூக்கம் வராது. அஞ்சு வருஷம் கழிச்சும் 95 சதவீதம் பேரு சரியான முடிவுன்னு சொன்னாங்களாம், அந்த அமெரிக்க ஆராய்ச்சியில. சரி, மீதி அஞ்சு பேரு எங்க போறது? ஒருத்தர் பயமுறுத்தறார், இன்னொருத்தர் உனக்கு ஒன்னுமில்லங்கறார், ரெண்டு பேருமே என்னைக் கேக்கல. எனக்கு நடந்ததுக்கு நான் அழணும், அவ்வளவுதான். அதுக்கு யாரோட அனுமதியும் எனக்கு வேண்டியதில்ல.

ஊழியன்_சூரமங்கலம்:

சிஸ்டர், உங்களுக்காக ஜெபிக்கறேன். வேற எதுவும் சொல்லல.

புள்ளிவிவரத்_தம்பி:

அக்கா நீங்க சொன்னது ரொம்ப சரி. சராசரி நம்பரு ஒரு தனி ஆளோட துக்கத்தை அளக்காது. கட்டாயப்படுத்தி கலைக்க வெச்சதையும் தானா முடிவெடுத்ததையும் ஒரே கணக்குல போட்டா அந்த வித்தியாசம் கரைஞ்சு போயிடும், இந்த ஆய்வுங்கள்ல எல்லாருக்கும் இருக்கற பிரச்சனை அது.

ஜிஎச்_நர்ஸ்:

நான் பிரசவ வார்டுல இருந்து ரிட்டயர் ஆனவ. சட்டம் பத்தி இங்க யாருமே பேசல, அதான் வந்தேன்.

நம்ம நாட்டுல எம்.டி.பி. சட்டம், அதாவது கருக்கலைப்புச் சட்டம், 1971ல வந்துச்சு. மனநலம்ங்கற பேச்சே அதுல ஆரம்பத்துல இருந்து இருக்கு தெரியுமா? கர்ப்பத்தால பொண்ணோட உடம்புக்கோ மனசுக்கோ பெரிய பாதிப்பு வரும்னு டாக்டர் நெனச்சா கலைக்கலாம்னுதான் சட்டமே சொல்லுது. கற்பழிப்பால வந்த கர்ப்பம்னா மனசு பாதிக்கும்னு சட்டமே எடுத்துக்கும். கருத்தடை தோத்துப்போய் நின்ன கர்ப்பத்துக்கும் அப்படித்தான், முன்ன கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் இருந்துச்சு, 2021 திருத்தத்துல அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க. இப்ப 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர், 20ல இருந்து 24 வரைக்கும் சில வகைப் பெண்களுக்கு ரெண்டு டாக்டர். அதுக்கு மேலன்னா சிசுவுக்குப் பெரிய குறை இருக்குன்னு மெடிக்கல் போர்டு சொல்லணும், இல்ல தாய் உசுருக்கே ஆபத்தா இருக்கணும். கல்யாணம் ஆகாதவங்களுக்கும் அந்த 24 வாரம் பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் 2022 செப்டம்பர்ல சொல்லிருச்சு.

மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க கண்ணுங்களா. 18 வயசு ஆன பொண்ணுன்னா அவ கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்து சட்டத்துல இல்ல, எந்த எடத்துலயாவது கேட்டா அது அவங்க பழக்கம், சட்டம் இல்ல. ரெண்டாவது, பேரை வெளிய விட்டா ஜெயில் தண்டனை வரைக்கும் இருக்கு. மூணாவது, மலைக்காட்டுப் பொண்ணு, உனக்கு ஆனது எனக்கு ரொம்பப் பழக்கமான கதை, மெடிக்கல் கடையில வாங்கி வீட்டுல போட்டுட்டு ரத்தம் கொட்டிக்கிட்டு வர்றவங்களை எத்தனையோ பேரை நான் பாத்துட்டேன். அந்த மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான், டாக்டர் சீட்டோட, கர்ப்பப்பைக்கு வெளிய கரு இல்லன்னு பாத்துட்டுத்தான் தரணும். கருவைக் கலைக்கறது தப்புன்னு நீங்க நம்பினாலும் சரி, ஒரு பொண்ணு தனியா சாகறது சரின்னு ஒரு மதமும் சொல்லாது.

பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனநோயப் பத்தி எந்த தியானத்துலயும் பேசி நான் கேட்டதில்ல. 2023 அக்டோபர்ல டெல்லியில சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, ரெண்டு குழந்தைக்குத் தாய், பிரசவத்துக்கு அப்புறம் வந்த சைக்கோசிஸ்ங்கற கடுமையான மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, மூணாவது கர்ப்பம்னு தெரிஞ்சதே லேட்டு, 26 வாரம் ஆயிருச்சு. முதல்ல கலைக்கலாம்னாங்க, அப்புறம் ரெண்டு பெண் நீதிபதிங்களுக்குள்ளயே ஒத்துப்போகல, கடைசில மூணு நீதிபதி அமர்வு முடியாதுன்னு சொல்லிருச்சு. தீர்ப்பு சரியா தப்பான்னு நான் சொல்லல, சட்டம் அறிஞ்ச நீதிபதிங்களே அவ்வளவு தடுமாறின விஷயத்தை மைக் புடிச்சு ஒரு வரியில முடிச்சுட முடியுமா?

செவ்வாய்பேட்டை_பெரியவர்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சுங்க. நம்ம சேலத்துல இருந்துக்கிட்டு இதைப் பேசறப்ப பொண் சிசு கதைய மறக்க முடியுங்களா. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல ஜெயலலிதா அம்மா ஆரம்பிச்சதே சேலத்துல இருந்துதான், ஏன்னா அப்ப இங்க பொறந்த பொம்பளப் புள்ளைங்களைக் கொல்றது அந்தளவுக்கு இருந்துச்சு. அப்புறம் ஸ்கேன் வந்துச்சு, கொல்ற வேலை வயித்துக்குள்ளயே முடிஞ்சிருச்சு, அதைத் தடுக்க 1994ல சட்டம் போட்டாங்க, ஆனாலும் 2001 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துல ஆறு வயசுக்குக் கீழ 1,000 பையனுக்கு 851 பொண்ணுதான். அதுல எத்தன தாய்மாரு தானா போய் கலைச்சிருப்பாங்க? மாமியா இழுத்துட்டுப் போயிருப்பா, புருஷன் மெரட்டியிருப்பான். அந்தம்மாளுங்க மனசைப் பத்தி எவன் ஆராய்ச்சி பண்ணினான்? பேர் வேண்டாம்னு ஒரு கண்ணு எழுதியிருக்கே, அது சொன்னதும் இதேதாங்க, அவ முடிவா அது இல்ல.

ஊழியன்_சூரமங்கலம்:

ஐயா சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா டீச்சர் சிஸ்டர்கிட்ட ஒரு நேர்க் கேள்வி. நாளைக்கே புதுசா ஒரு பெரிய ஆராய்ச்சி வந்து கட்டாயம் மனநோய் வரும்னு நிரூபிச்சா என்ன சொல்லுவீங்க? இல்ல, கலைச்சா மனசுக்கு ரொம்ப நல்லதுன்னு வந்தா அது பாவம் இல்லன்னு ஆயிருமா?

அஸ்தம்பட்டி_டீச்சர்:

ஆகாது பாஸ்டர். நான் சொல்ல வந்ததே அதுதான், நீங்களே கேட்டுட்டீங்க. கருவுல இருக்கறது உயிர்ங்கற நம்பிக்கைய டென்மார்க் கணக்கு குடுக்கவும் இல்ல, எடுக்கவும் முடியாது. அப்படி இருக்கறப்ப அந்த நம்பிக்கைய ஆராய்ச்சி மேல கொண்டுபோய் ஏன் வெக்கறோம்? காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு நாளைக்கு நெட்டுல தேடிப் பாத்து, சபையில சொன்னது பொய்னு கண்டுபுடிச்சா, அந்த ஒரு வரியோட நிறுத்துமா, சங்கீதத்தையும் சேத்துத் தூக்கிப் போட்டுரும்.

சபைங்க கூட இதுல தடுமாறித்தான் வந்திருக்கு. அமெரிக்காவுல சதர்ன் பாப்டிஸ்ட் சபை 1971ல தாயோட மன, உடல் நலம் கெடும்னு தெளிவா தெரிஞ்சா கருக்கலைப்பை அனுமதிக்கலாம்னு தீர்மானம் போட்டாங்க, 2003ல அதுக்கு வருத்தம் தெரிவிச்சு இன்னொரு தீர்மானம் போட்டாங்க. எங்க திருச்சபை அப்படி மாறல, அதுல நான் நிக்கறேன். ஆனா நிக்கற எடத்துல நின்னுக்கிட்டே உண்மையப் பேசலாமில்ல. டிப்ரஷன் வந்தே தீரும்னு சொல்லிச் சொல்லியே ஒரு பொண்ணை டிப்ரஷனுக்குத் தள்ள முடியும். மனசு சரியில்லாத நேரத்துல டாக்டர்கிட்ட போகாம, இது சாபம், அனுபவிச்சே ஆகணும்னு அது உக்காந்துரும். நான் பயப்படறது அதுக்குத்தான்.

தியானம் நடத்தினவங்களுக்கு நேத்து கடிதம் எழுதிட்டேன். பாவம்ங்கற போதனைய மாத்தச் சொல்லல. சயின்ஸ்னு சொன்ன அந்தப் பகுதிய எடுத்துடுங்க, பாவசங்கீர்த்தனம் (ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கறது) பத்தி சொல்லுங்க, கருத்தரிச்சு தவிச்சு நிக்கற பொண்ணுக்கு பங்குல யாரு சோறும் எடமும் குடுப்பாங்கன்னு சொல்லுங்க, மனநல உதவி நம்பரை போர்டுல எழுதிப் போடுங்கன்னு கேட்டிருக்கேன்.

ஊழியன்_சூரமங்கலம்:

அந்த 81 சதவீதத்தை நான் இன்னும் படிச்சுப் பாக்கணும், தம்பி அந்த டென்மார்க் கட்டுரையையும் அனுப்பி வைங்க. சோறும் எடமும்னு சொன்னீங்களே, அதுக்கு எங்க சபையில பேசறேன்.

மலைக்காட்டுப்_பொண்ணு:

அக்கா, அந்த மனநல நம்பர் என்ன? எங்க லைன்ல ஒரு பொண்ணுக்கு கொழந்த பொறந்து ரெண்டு மாசம், பேசவே மாட்டேங்குது, கொழந்தைய தூக்கவும் மாட்டேங்குது.

ஜிஎச்_நர்ஸ்:

14416 கண்ணு, டெலி மானஸ், காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஆனா இந்தப் பொண்ணுக்கு நீ ஃபோனோட நிறுத்தாத. இன்னிக்கே ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, பிரசவம் ஆகி ரெண்டு மாசம்னு மொதல்லயே சொல்லு, குழந்தையோட அதைத் தனியா விடாத, ராத்திரி யாராச்சும் கூடப் படுங்க. போயிட்டு வந்து இங்க எழுது.